ஐடியாவுக்காக நான் கதவு தட்டும் இடங்கள்

லோகோ, புத்தக அட்டை, பெட்டி டிசைன், எப்போதாவது ஒரு விழா போஸ்டர் என்று தனியாளாக வேலை பார்க்கிறவள் நான். பக்கத்து நாற்காலியைத் திருப்பி, "இது எப்படி இருக்கு, சொல்லேன்" என்று கேட்க ஆள் கிடையாது. அந்த ஆளின் இடத்தை எனக்கு நிரப்புவது டிசைன் தளங்கள், பாட்காஸ்ட்கள், பெரிய ஸ்டூடியோக்களின் பக்கங்கள். ரொம்ப நாளாகப் புழங்கியதில் எது உருப்படி, எது பொழுதைத் தின்கிறது என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் அதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

அளவுகோல் ஒன்றுதான். மூடிய பிறகு கை பென்சிலைத் தேடுகிறதா, அடுத்த டேபைத் தேடுகிறதா?

இந்தச் சோதனையில் முதலில் தோற்பவை படங்களை வரிசைகட்டிக் காட்டும் தளங்கள். எதுவென்று பெயர் சொல்லத் தேவையில்லை, எல்லாமே ஒரே ஜாடைதான். "பள்ளிக்கூட லோகோ" என்று தேடிப் பாருங்கள். விரித்த புத்தகம், அதிலிருந்து முளைக்கும் செடி, மேலே கை தூக்கி நிற்கும் குழந்தை, சுற்றிலும் ஒரு கேடயம். ஒன்றைத் தொட்டால் அதே சாயலில் இன்னும் பத்து வந்து நிற்கும். எதை உற்றுப் பார்த்தோமோ அதையே இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுவதுதான் அவற்றுக்குத் தெரிந்த வித்தை. க்ளையன்ட்டும் அதே பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார், அவருடைய போட்டியாளரும் அங்கேதான் இருப்பார். கடைசியில் மூன்று பள்ளிக்கூடங்களுக்கு ஒரே செடி. ஒரு விஷயத்துக்கு மட்டும் இவை பயன்படும்: "எனக்கு கொஞ்சம் மாடர்னா வேணும்" என்று சொல்லும் க்ளையன்ட்டிடம் நாலு படத்தைக் காட்டி, அவர் மாடர்ன் என்று எதைச் சொல்கிறார் என்று கண்டுபிடிக்கலாம். பேச்சுவார்த்தைக்கு ஆகும், யோசனைக்கு ஆகாது.

டிரிபிள் (Dribbble) என்ற டிசைன் தளம் 2009இல் வந்தபோது இப்படி இல்லை. 400க்கு 300 பிக்சல் அளவில் ஒரு சின்னக் கட்டம், அவ்வளவுதான் போட முடியும். இப்போது மேசையில் என்ன ஓடுகிறது என்று சக டிசைனர்களுக்கு ஒரு ஓரத்தைத் திறந்து காட்டுவது. அரைகுறை வேலையை வெட்கமில்லாமல் காட்ட ஒரு இடம் இருந்தது. இன்றைக்குப் போனால் எல்லாம் பவுடர் பூசி, விளக்கு போட்டு உட்கார்ந்திருக்கின்றன. பிஹான்ஸ் (Behance) தளம் பரவாயில்லை, நீளமாக விளக்க இடம் தருகிறது. ஆனால் அங்கே நான் முதலில் பார்ப்பது, வேலையைக் கொடுத்த க்ளையன்ட் நிஜமா கற்பனையா என்பதைத்தான். கற்பனை க்ளையன்ட் ஒருபோதும் "லோகோவைப் பெரிசாக்குங்க" என்று கேட்பதில்லையே. அந்த வேலையிலிருந்து எனக்கு என்ன தெரியவரும்?

இனி நல்லவை.

பிராண்ட் நியூ. ஆர்மின் விட், பிரையனி கோமஸ் பலாசியோ தம்பதி நடத்தும் அண்டர்கன்சிடரேஷனின் தளம், 2006இலிருந்து ஓடுகிறது. முன்பு எல்லோருக்கும் திறந்திருந்தது, இப்போது சந்தா. லோகோ மாற்றங்களை அலசுவதுதான் வேலை. பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம், கீழே கட்டுரை. இந்த இரட்டைப் படம்தான் அதன் உயிர். வேறெங்கே போனாலும் முடிந்த பொருளை மட்டும் காட்டுவார்கள். இங்கே எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்று தெரியும்.

மாஸ்டர்கார்டின் 2016 மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பென்டகிராம் என்ற டிசைன் ஸ்டூடியோ செய்தது. சிவப்பு வட்டமும் மஞ்சள் வட்டமும் 1960களிலிருந்தே இருந்தவை. 1990இல் இரண்டும் சேரும் இடத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் வந்தன, பெயர் வட்டங்களின் மேலேயே குறுக்காக ஓடியது. 2016இல் செய்ததெல்லாம் பெரும்பாலும் எடுப்பதுதான். சீப்புப் பல் போனது. சேரும் இடம் வெறும் ஆரஞ்சு ஆனது. பெயர் வட்டங்களை விட்டு இறங்கி, கீழே சின்ன எழுத்தில் அமர்ந்தது. 2019இல் பெயரையே பல இடங்களில் விட்டுவிட்டார்கள். இறங்கி நின்ற பெயர் மூன்று வருஷத்தில் வெளியேறியதைப் பார்க்கும்போதுதான், முதல் மாற்றத்தின்போதே இரண்டாவதற்கு வழி விட்டிருந்தது புலப்படும். பழைய படம் பக்கத்தில் இல்லையென்றால் இது எதுவும் கண்ணில் படாது, "ரெண்டு வட்டம் போட்டதுக்கு இத்தனை பணமா" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவோம்.

நான் இதைப் படிக்கும் முறை கொஞ்சம் கிறுக்குத்தனமானது. கட்டுரையைப் படிக்க மாட்டேன். இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு, மாற்றியது சரியா தவறா, ஏன் என்று இரண்டு வரி கையால் எழுதுவேன். பிறகுதான் கீழே இறங்குவேன். ஆர்மின் விட்டோடு பல தடவை எனக்கு ஒத்துப்போகாது, குறிப்பாகக் கையெழுத்துச் சாயலுள்ள லோகோக்களில். ஒத்துப்போகாத இடங்களில்தான் என் ரசனை என்ன என்று எனக்கே பிடிபடுகிறது.

குறை இரண்டு. பெரிய கம்பெனிகளின் உலகம் அது, ஒற்றை ஆள் தொழிலுக்கான லோகோ அங்கே அபூர்வம். இன்னொன்று, அளவுக்கு மீறிப் படித்தால் ஆளாளுக்கு நக்கீரர் ஆகிவிடுவோம். வெளியான அன்றைக்கே எந்த லோகோவையும் கிழித்துத் தொங்கவிடும் பழக்கம் இணையம் முழுக்க உண்டு. 2010இல் கேப் (Gap) துணிக் கம்பெனி புது லோகோ போட்டு, எழுந்த கூச்சலில் சில நாட்களிலேயே பழையதற்குத் திரும்பியது. அந்த லோகோ மோசம்தான், சந்தேகமில்லை. ஆனால் கூச்சல் போடுவது ஒரு கை, வரைவது இன்னொரு கை. முதலாவது வலுத்தால் இரண்டாவது நடுங்க ஆரம்பிக்கும். வேலையின் நடுவில் இருக்கும்போது இந்தத் தளத்தை நான் திறப்பதில்லை.

ஃபான்ட்ஸ் இன் யூஸ் அப்படியில்லை, எந்த நேரத்திலும் திறக்கலாம். 2010இல் வந்தது. ஒரு ஃபான்ட்டின் பெயரைக் கொடுத்தால், நிஜ உலகில் அது எங்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்று காட்டும்: புத்தக அட்டை, போஸ்டர், கடைப் பலகை, கம்பெனி லோகோ. ஃபான்ட் விற்கிறவர்கள் காட்டும் மாதிரிப் பக்கத்தில் எல்லா எழுத்தும் அழகாகத்தான் இருக்கும். இங்கே அது வேலை பார்க்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம்.

பால் ரென்னர் 1927இல் வெளிக்கொண்டுவந்த ஃபியூச்சுராவைத் தேடிப் பாருங்கள். 1969இல் அப்போலோ 11 நிலவில் விட்டுவந்த தகட்டில் இருப்பது அதுதான். பார்பரா க்ரூகர் தன் கலைப்படைப்புகளில் சிவப்புப் பட்டையில் அறைகூவலாகப் போட்ட சாய்ந்த தடித்த எழுத்தும் அதே குடும்பம். சுப்ரீம் என்ற துணிக் கம்பெனியின் சிவப்புப் பெட்டி லோகோவும் அதே. நிலவுத் தகட்டில் பெரிய எழுத்துகளாய், காற்றோட்டமாய், மரியாதையாய் நிற்கிறது. க்ரூகரிடம் சாய்ந்து, நெருங்கி, கன்னத்தில் அறைகிறது. எழுத்துக்குச் சொந்த முகபாவம் ரொம்பக் கம்மி. தடிமன், இடைவெளி, பின்னால் இருக்கும் நிறம் மூன்றும்தான் பேசுகின்றன. "சீரியஸான ஃபான்ட் ஒண்ணு சொல்லு" என்று கேட்கும் ஜூனியர்களை நான் அனுப்பும் இடம் இதுதான். லத்தீன் எழுத்தின் ராஜ்ஜியம் என்பது மட்டும்தான் வருத்தம்.

பழைய சரக்கு பார்க்க லெட்டர்ஃபார்ம் ஆர்க்கைவ். சான் பிரான்சிஸ்கோவில் ராப் சாண்டர்ஸின் சொந்தச் சேகரிப்பிலிருந்து வளர்ந்தது, 2015இலிருந்து பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. 2020இல் ஆன்லைன் ஆர்க்கைவையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், இலவசம். பெரிதாக்கிப் பார்க்கும் வசதிதான் விசேஷம். நான் அச்சான போஸ்டர்களைவிட, அச்சுக்குப் போகுமுன் தயாரித்த மூலப் பலகைகளைத்தான் தேடிப் போவேன். உள்ளே போகப் போக, ஒட்டிய காகிதத்தின் விளிம்பு தெரியும். வளைவு சரியாக வராத இடத்தில் வெள்ளை மை பூசித் திருத்தியிருப்பார்கள், ஓரத்தில் பென்சிலில் அளவுக் குறிப்பு இருக்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய ஆட்கள் பிறவியிலேயே கைசுத்தக்காரர்கள் என்று ஒரு பிரமை நமக்கு உண்டு. பெரிதாக்கிப் பாருங்கள், அவர்களும் அழித்து அழித்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

இதே வகையில் நாசாவின் 1975 கிராஃபிக்ஸ் கையேட்டையும் சொல்ல வேண்டும். டேன் அண்ட் பிளாக்பர்ன் என்ற டிசைன் நிறுவனம் செய்தது. நாசாவே அதைப் பிடிஎஃப்பாகத் தருகிறது. புழு என்று செல்லப் பெயர் பெற்ற, 'ஏ' எழுத்துக்குக் குறுக்குக்கோடே இல்லாத அந்த லோகோ 1992இல் ஓய்வுபெற்று 2020இல் திரும்பி வந்தது. கையேட்டில் எனக்குப் பிடித்தவை ராக்கெட் பக்கங்கள் இல்லை, லெட்டர்ஹெட், படிவம், வண்டியின் பக்கவாட்டில் எழுத்து எங்கே வரவேண்டும் என்று சொல்லும் பக்கங்கள். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கும் படிவம் நிரப்புகிற கஷ்டம் உண்டு என்பதில் ஒரு ஆறுதல்.

அடுத்தது பாட்காஸ்ட். என் மொத்தப் பட்டியலில் அதிகம் கொடுத்தது இதுதான். கண்ணால் பார்க்க வேண்டிய கலையைக் காதால் கேட்டு என்ன பிரயோஜனம் என்று முதலில் நினைப்பீர்கள். படம் இல்லாததுதான் அதன் பலமே. ஒரு லோகோவைப் பற்றி யாராவது வாயால் விவரித்தால், அதை நாமே மனசுக்குள் வரைந்தாக வேண்டும். வரைந்தது அவர்களுடையதாக இருக்காது, நம்முடையதாக இருக்கும். கண்ணால் பார்த்திருந்தால் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

99 பர்சென்ட் இன்விசிபிள் ரோமன் மார்ஸ் 2010இல் தொடங்கியது. நாம் கவனிக்காமல் கடந்துபோகிற டிசைன்தான் பாடுபொருள். கொடிகளைப் பற்றி அவர் 2015இல் டெட் (TED) என்ற உரை மேடையிலும் பேசினார், அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்து ஒலியைக் கலந்து, வானொலி நிகழ்ச்சி நடத்துவது போல. நான் அதை முதலில் வேறு வேலை பார்த்துக்கொண்டே காதால் மட்டும்தான் கேட்டேன். அமெரிக்காவில் போக்கடெல்லோ என்ற ஊரின் கொடி, 2004இல் கொடி ஆர்வலர்கள் நடத்திய கணிப்பில் நகரக் கொடிகளிலேயே கடைசி இடம் பிடித்தது. கேட்கக் கேட்க என் தலையில் ஒரு மோசமான கொடி உருவாகிக்கொண்டே வந்தது. பிறகு படத்தைத் தேடிப் பார்த்தால், நிஜம் என் கற்பனையைத் தாண்டிவிட்டது. கொடியிலேயே டிரேட்மார்க் குறி! (2017இல் ஊர்க்காரர்கள் புதுக் கொடி ஏற்றிக்கொண்டார்கள், நல்ல கொடி.)

அந்தப் பேச்சிலிருந்து என் மேசைக்கு வந்த ஒரு பழக்கம் இன்றுவரை நிற்கிறது. கொடி வரைய வேண்டுமென்றால் முதலில் தாளில் ஓர் அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம் அளவில் ஒரு கட்டம் போடு, அதற்குள் வரை என்றார். கம்பத்தின் உச்சியில் பறக்கும் கொடி தூரத்திலிருந்து அவ்வளவுதான் தெரியும். நான் இதை லோகோவுக்கும் புத்தக அட்டைக்கும் வைத்துக்கொண்டேன். ஒரு தாளில் இருபது முப்பது கட்டம், மழுங்கிய பென்சில். அந்த அளவில் இழை, நிழல், நுணுக்கம் எதையும் திணிக்க முடியாது. செடியும் குழந்தையும் கேடயமும் ஒன்றாகச் சேர்த்தால் கரிப்பொட்டு மாதிரி ஆகிவிடும், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வேலை பார்க்கிற நமக்கு இந்தக் கட்டம் ஒரு கடிவாளம்.

இன்னொரு விஷயம், காதால் கேட்ட யோசனை எந்த எழுத்துக்கும் குடிபெயரும். ஃபெட்எக்ஸ் லோகோவில் 'ஈ'க்கும் 'எக்ஸ்'க்கும் நடுவே ஒளிந்திருக்கும் அம்பை எல்லோரும் அறிவோம், 1994இல் லிண்டன் லீடர் செய்தது. படமாகப் பார்த்தால் அந்த அம்பைத் தமிழில் கொண்டுவர வழியில்லை, அது அந்த இரண்டு எழுத்துகளின் சொத்து. 'எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பார்' என்று யாரோ சொல்லக் கேட்டால் கதை வேறு. ட, ப இரண்டையும் நெருக்கி வைத்துப் பாருங்கள். ட-வின் தண்டு ஒரு பக்கம், ப-வின் இடத் தண்டு இன்னொரு பக்கம், கீழே ட-வின் அடிக்கோடு. யாரும் எழுதாத இன்னொரு ப நடுவில் நிற்கும்.

டிசைன் மேட்டர்ஸ் வேறு ரகம். டெபி மில்மன் 2005இலிருந்து நடத்துகிறார், டிசைனைப் பற்றிய பாட்காஸ்ட்களில் மூத்தது என்றே சொல்லலாம். வந்திருப்பவர் எந்த வயதில் என்ன கிறுக்கினார் என்பதுவரை தோண்டியெடுத்து வந்து கேட்பார், விருந்தினரே "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று திகைத்துப்போவார். பழைய பகுதிகளில் டிசைனர்கள் நிறைய. பிற்பாடு எழுத்தாளர், இசைக்கலைஞர், நடிகர் என்று விரிந்துவிட்டது. ஃபான்ட், க்ரிட் என்று தொழில் நுணுக்கம் எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். வேலை பிடிக்காமல் போகிற வாரங்களில் இதைக் கேட்பேன். பெரிய பெயர்கள்கூட எத்தனை வருஷம் வேண்டாத வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்பது மருந்து.

ஸ்டூடியோக்கள். பென்டகிராம் 1972இல் லண்டனில் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கியது. முதலாளி கிடையாது, ஒவ்வொரு பங்குதாரரும் தனித்தனிக் குழு வைத்து வேலை செய்கிறார்கள். அதனால் அதன் தளத்தை ஒரே ஸ்டூடியோவாகப் பார்க்காமல், ஒரு பங்குதாரரைப் பிடித்துக்கொண்டு அவருடைய வேலைகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள், கைரேகை தெரியும். மற்றபடி அது ஒரு நகைக்கடை ஷோகேஸ். நிராகரித்த வடிவங்கள், சண்டைகள், மூன்றாவது சுற்றுத் திருத்தங்கள் எதுவும் அங்கே இருக்காது. அதன் பங்குதாரர் பவுலா ஷெர் 1998இல் சிட்டி வங்கி லோகோவை மீட்டிங்கிலேயே ஒரு நாப்கினில் போட்ட கதை ரொம்பப் பிரபலம். 'டி' எழுத்தின் வளைந்த வாலைக் குடையின் கைப்பிடியாக்கி, மேலே ஒரு வில். புதிதாக வருகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நாப்கினை வைத்துக்கொண்டு மின்னலுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது பென்டகிராமிலேயே நீண்ட காலம் பங்குதாரராக இருந்த மைக்கேல் பியரூட்டின் நோட்டுகளைப் பற்றி. 1982இலிருந்து அவர் ஒரே மாதிரி சாதாரண நோட்டுகளை நிரப்பிக்கொண்டே வருகிறார். நூறைத் தாண்டிவிட்டன. உள்ளே பாதி போன் குறிப்பும் மீட்டிங் குறிப்பும்தான், ஓவியம் அப்புறம்.

எக்ஸ்பெரிமென்டல் ஜெட்செட் என் செல்லம். ஆம்ஸ்டர்டாமில் 1997இலிருந்து மூன்று பேர். அவர்கள் தளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் கட்டுரை எழுதியிருப்பார்கள், சில இடங்களில் மூச்சு முட்டும் நீளம். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்காக 2013இல் செய்த 'டபிள்யூ'வைப் பாருங்கள். மெல்லிய ஒற்றைக் கோடு, மேலும் கீழுமாய் மடங்கி மடங்கிப் போகும் ஒரு ஜிக்ஜாக். கலையின் வரலாறு நேர்கோடாகப் போவதில்லை, ஜிக்ஜாக்காகத்தான் போகிறது என்ற எண்ணத்திலிருந்து அந்தக் கோட்டை எடுத்தார்கள். அதற்கு நிலையான உருவம் கிடையாது. போஸ்டரில் ஒரு ஓவியத்தை வைத்த பிறகு எவ்வளவு இடம் மிச்சமோ அதற்கேற்ப நீளும், ஒடுங்கும், ஒரு கால் மட்டும் எட்டிப் போய்த் தொடும். லோகோ என்றால் முத்திரை, ஒரு மில்லிமீட்டர் நகரக்கூடாது என்று படித்துவிட்டு வந்தவர்களுக்கு இது ஒரு அதிர்ச்சி வைத்தியம். நான் ஒரு போஸ்டரில் இடம் போதாமல் திண்டாடும்போது, எழுத்தைச் சின்னதாக்குவதற்கு முன் மிச்சமிருக்கும் இடத்தின் உருவம் என்ன என்று பார்க்கப் பழகியது அங்கிருந்துதான். குறை என்றால், பொறுமை வேண்டும். படம் பார்க்க மட்டும் போனால் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவீர்கள்.

இட்ஸ் நைஸ் தேட் என்ற டிசைன் தளத்தைப் பற்றிக் கேட்பார்கள். 2007இலிருந்து நடக்கிறது, புது ஆட்களை அறிமுகப்படுத்துவதில் கெட்டிக்காரர்கள். மாதம் ஒரு தரம் எட்டிப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. தினமும் பார்த்தால் உலகத்தில் எல்லோரும் நம்மைவிடச் சின்ன வயதில் சாதித்துவிட்டதாகத் தோன்றும்.

கடைசியாக அரீனா. இதைப் பற்றி நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. படம், சுட்டி, எழுத்து எதையும் ஒரு சேனலில் போட்டு வைக்கலாம், அதை மற்றவர்கள் தங்கள் சேனலோடும் இணைத்துக்கொள்ளலாம். விருப்பக்குறி இல்லை, விளம்பரம் இல்லை. நான் அம்புக்குறிகளுக்கென்று ஒரு சேனல் வைத்திருக்கிறேன்: ரயில்வே பலகை, மருந்துப் பெட்டி, கட்டட வரைபடம் என்று கண்டதையெல்லாம் போடுவேன். தையல் பேட்டர்ன் தாளில் துணியின் இழை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று காட்ட ஒரு நீண்ட ஒல்லி அம்பு போடுவார்களே, யாரோ ஒருவரின் சேனலிலிருந்து அது வந்து சேர்ந்தது. இருபுறமும் முனை உள்ள அம்பு. எதற்கு ஆகும் என்று தெரியாமலேயே எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு சேனலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி எங்கேயோ போய்விடுவேன், பல நேரம் போன வேலை மறந்துபோகும். டெட்லைன் நாளைக்கு என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.